சுமாரானவர் போதும்

அந்த அறையில் அவளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பட்டன் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அது வேலையில் அவளுக்கு இருந்த மரியாதை. பின்னால் ஒட்டிக்கொண்ட பட்டன் வேறு சமாசாரம்.

ஆம்புலன்ஸுக்கு யாராவது போன் செய்தால் மணி அடிக்கிற அறை அது. ஜன்னல் இல்லாத நீளமான ஹால். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் மூன்று திரைகள், யாரோ குடித்துவிட்டு எடுக்க மறந்த டீக் கோப்பைகள், ஏ.சி. குளிருக்குப் பயந்து நாற்காலி முதுகில் தொங்கும் ஸ்வெட்டர்கள். கோடியில் ஒரு படி உயரத்தில் ஷிப்ட் மேலாளர் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எல்லார் தலையும் தெரியும் என்பதால் அவருக்கு மேடைக்காரர் என்று பெயர். அந்த அறையில் பட்டப்பெயர் இல்லாதது டீ இயந்திரம் ஒன்றுதான். அதையும் சிலர் கெட்ட வார்த்தை சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களைப் பழக்க அங்கே ஒரு முறை உண்டு. ஒரே லைனில் இரண்டு ஹெட்செட். புதியவர் பேசுவார், வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வழிகாட்டியின் மேசையில் ஒரு பச்சைப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் புதியவரின் குரல் அறுந்துபோய் வழிகாட்டியின் குரல் லைனில் ஏறும். ஏதாவது கைமீறிப் போனால் அழுத்துவதற்காக வைத்தது. அக்காவின் மேசையில் அந்தப் பட்டன் பச்சை தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது.

அவள் கெட்டிக்காரி, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. எதிர்முனையில் மூச்சு வாங்குகிற விதத்தை வைத்தே பாதி விஷயத்தைப் பிடித்துவிடுவாள். கத்திக் கூப்பாடு போடுகிறவர்களை ஒரே அதட்டலில் வழிக்குக் கொண்டுவருவாள். அதனால்தான் அவள் கழுத்தில் வழிகாட்டி என்று எழுதிய அட்டையை மாட்டினார்கள். நன்றாகச் செய்கிறவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் வரும் என்று மேலிடத்தில் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். மேலிடத்துத் தீர்மானங்கள் பாதிக்கு மேல் சாப்பாட்டு மணி நெருங்கும்போது எடுத்தவைதானே.

அவள் கையில் பழகியவர்கள் அதுவரை மூன்று பேர். ஒருவன் இப்போது வண்டிகளுக்கு டீசல் போடும் பிரிவில் இருக்கிறான். ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். இன்னொருவர் பழைய பதிவுகளை அடுக்கி வைக்கும் அறையில், யாரோடும் பேசத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "சரக்கு இல்ல, நான் என்ன பண்றது?" என்று அக்கா கையை விரித்துவிட்டாள்.

நாலாவதாக வந்தவள்தான் டிக்கெட்.

பஸ் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். இயந்திரங்களை வைத்துக் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். படிக்கிற பிள்ளைகள் இரண்டு, பார்வை மங்கி வேலையை விட்டுவிட்ட கணவன். வந்த முதல் நாளே, "வயசுல நான்தான் மூத்தவ. ஆனா இங்க நீங்கதான் அக்கா" என்று சிரித்தாள். அன்று அவளுக்கு வந்த முதல் அழைப்பில் ஒருவர் பதறிக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றதும், பழக்க தோஷத்தில் "எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய இடம். அந்த ஆள், பாவம், "ஆஸ்பத்திரிக்குத்தாங்க" என்றார்.

அறையில் பாதிப் பேர் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் விரல் அதற்குள் பட்டனுக்குப் போயிருந்தது. அன்றைக்கு வைத்த விரலை அப்புறம் எடுக்கவே இல்லை.

டிக்கெட்டின் பயிற்சிக் காலம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஒரு முழு ஷிப்ட் அவள் தனியாகப் பேசிக் காட்ட வேண்டும். "இவங்க இனிமே தனியா உட்காரலாம்" என்று வழிகாட்டி மேடைக்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம், சொல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் டீசல் பிரிவிலும் பதிவு அறையிலும் இடம் இல்லை. அக்காவின் பழைய ஆட்களே அங்கே நிரம்பியிருந்தார்கள்.

ஆனால் ஒரு ஷிப்ட் என்ன, ஒரு அழைப்பைக்கூட டிக்கெட் முழுசாக முடித்ததில்லை. கேள்வி கேட்டுவிட்டு அடுத்ததை யோசிக்க ஒரு கணம் நிறுத்துவாள். அந்த ஒரு கணம் அக்காவுக்கு ஒரு யுகம். டக்கென்று பட்டன் விழும். "அம்மா, நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்று அவள் குரல் லைனில் கணீரென்று ஏறும். குரல் அறுந்ததும் டிக்கெட் விசைப்பலகையை விட்டுவிடுவாள். கைகளை எடுத்து மடியில் கோத்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்பாள். அடக்கமான பெண் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அடுத்த அழைப்பு வருவதற்கு முன்பே அந்தக் கைகள் மடிக்குப் போக ஆரம்பித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வீட்டிலும் இந்தப் புத்தி அக்காவை விட்டுப் போகாது. அந்த வாரம் மகளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு இருந்தது. கணவன் சோபாவில் கால்மேல் கால் போட்டுத் தேர்வு அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்க, மகள் எதிரே நின்று பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து அக்கா காதை அங்கேதான் வைத்திருந்தாள். மகள் எங்கே ஒரு வார்த்தைக்குத் தடுமாறினாலும் அந்த வார்த்தை அடுப்படியிலிருந்து பறந்து வந்தது. மூன்றாவது முறை வந்ததும் மகள் உட்கார்ந்துவிட்டாள்.

"நேர்முகத்துக்கு நீயே போயிட்டு வந்துடும்மா."

"நல்லது சொன்னா கோவம் வருதா உனக்கு?"

"விடும்மா கண்ணு," என்றான் கணவன். "இந்த வீட்ல எனக்கு எப்பப் பசிக்கும்னு எனக்கே தெரியாது, உங்கம்மாவுக்குத்தான் தெரியும். நான் என்னைக்காவது வாயத் திறந்தேனா?"

மகள் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். ஆனால் மகள் அதற்கப்புறம் எழுந்து நின்று பழகவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மேடைக்காரர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். படியேறிப் போனால் அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சொல்ல விரும்பாத விஷயம் இருந்தால் அப்படித்தான் செய்வார்.

"அந்தம்மா என்கிட்ட வந்தாங்க," என்றார். "வேற வழிகாட்டி வேணும்னு கேக்கறாங்க."

அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "என்ன சொன்னா என்னைப் பத்தி?"

"குத்தமா ஒண்ணும் சொல்லலம்மா. உங்களைப் பத்தி ஒசத்தியாத்தான் பேசினாங்க. 'அவங்க அளவுக்குக் கெட்டிக்காரங்க எனக்கு வேணாம் சார். சுமாரா இருக்கறவங்க யாராவது இருந்தாப் போதும்'னு கேட்டாங்க."

"உயிர் போற விஷயம் சார். அவ யோசிச்சிட்டு உக்காந்திருந்தா நான் வேடிக்கை பாக்கணுமா?"

"பாக்க வேணாம். ஆனா நீங்க லீவுல போற நாள்ல யாருக்கும் நெஞ்சு வலிக்காதா? இங்க ஆள் போதல. மூணு பேர உங்ககிட்ட அனுப்பினேன், ஒருத்தரும் அந்த நாற்காலில உக்காரல. பட்டன் அக்கான்னு உங்களக் கூப்பிடறாங்களே, அது சும்மாவா?"

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அந்தப் பெயரை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது வரிசையாகத் தெரிந்த அத்தனை தலைகளும் திரைகளில் மும்முரமாக இருந்தன. எத்தனை வருஷமாக என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

"வேற ஆள் யாரும் இல்ல," என்றார் அவர், குரலைத் தணித்து. "நாளைக்குக் கடைசி ஷிப்ட். காதுல கேட்டுக்கிட்டே இருங்க. ஆனா அந்தம்மா திரும்பி உங்களப் பாத்தா மட்டும் பட்டன அழுத்துங்க. பாக்கலன்னா அழுத்தக் கூடாது. முடிவுல உட்காரலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும், அது மாறல."

டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் நின்றிருந்தாள். அக்கா நேரே போனாள்.

"ஏங்க, என்கிட்டச் சொல்லாம மேல போய்ச் சொல்லியிருக்கீங்க."

டிக்கெட் கோப்பையைக் கீழே வைத்தாள். பயந்தது தெரிந்தது, ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. "உங்ககிட்டச் சொல்ல ஆரம்பிச்சா என்னை முடிக்க விட்டிருப்பீங்களா அக்கா?"

அக்காவுக்குப் பதில் நுனி நாக்கில் இருந்தது. குறுக்கே அதைச் சொன்னால் டிக்கெட் சொன்னது நிஜமாகிவிடும் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க பேசறதக் கேட்டா எனக்கே ஆச்சரியமா இருக்கும்," என்றாள் டிக்கெட். "ஆனா நீங்க என் வாயிலேர்ந்து வார்த்தையப் பிடுங்கிடறீங்க. வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னு அந்த மீதியச் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, யார்கூடடீ பேசறேங்கறார். என்ன சொல்றது அவருக்கு? இந்த வேல போச்சுன்னா எனக்கு வேற எதுவும் இல்லக்கா. சரியில்லன்னு அனுப்பினா அனுப்புங்க. ஆனா நான் தப்பா பண்ணிட்டுப் போறேனே. ஒண்ணுமே பண்ணாமப் போகணுமா?"

அன்று முழுக்க அக்கா கடுப்போடுதான் இருந்தாள். இத்தனை உயிரைக் காப்பாற்றியதற்குப் பட்டன் என்று பெயரா, நன்றி கெட்ட ஜன்மங்கள் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்த பிறகு டீசல் போடப் போனவனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவனும் கையை மடியில்தான் வைத்துக்கொள்வான். பதிவு அறைக்குப் போனவரும் அப்படித்தான். அடக்கம் என்று அவள் நினைத்ததெல்லாம் அடக்கம் இல்லை, நம்பிக்கை அற்றுப்போன கைகள். அதைப் புரிந்துகொண்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு கோபமும் வந்தது.

மறுநாள் காலை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளை உட்கார்வது மாதிரி இருந்தது. வழுக்கி விழுந்து கால் ஒடிந்த ஒருவர், காய்ச்சலில் உளறும் குழந்தை, வண்டி மோதிய சைக்கிள்காரர். டிக்கெட் தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாக முடித்தாள். ஒரு அழைப்பு முடியும்போது அவள் பெருமூச்சு விடுவதை அக்கா அன்றுதான் முதலில் கேட்டாள். மதியத்துக்குள் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது.

அப்புறம் அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் அலறல், வார்த்தையே இல்லாமல்.

மூச்சு நின்றவர் யாரோ பக்கத்தில் கிடக்கிறார் என்று அக்காவுக்கு அந்த அலறலிலேயே தெரிந்துவிட்டது. அதட்டு, என்றாள் மனசுக்குள். அதட்டு, இடத்தைக் கேள், உடனே நெஞ்சை அழுத்தச் சொல். டிக்கெட் அதட்டவில்லை. அந்தப் பெண் கத்தி மூச்சு வாங்கும் இடம் வரைக்கும் காத்திருந்தாள்.

"எங்க இருக்கீங்கம்மா?"

தெருவும் வீடும், ஒருவர் மூச்சில்லாமல் விழுந்து கிடப்பதும் துண்டு துண்டாக வந்தன. டிக்கெட் தட்டச்சு செய்தாள், ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். வண்டி கிளம்பியதாகத் திரையில் காட்டியது. இப்போதாவது ஆரம்பி. ஆனால் டிக்கெட் அங்கே நிறுத்தினாள். யோசிக்கிறாள். தொடைக்கு அடியில் அக்காவின் விரல்கள் நெளிந்தன.

"விழுந்து கிடக்கறவர் உங்களுக்கு என்ன வேணும்மா?"

இதைக் கேட்கிற நேரமா? அக்காவின் கை வெளியே வந்தேவிட்டது. பட்டனின் மேல் விரல் நின்றது. டிக்கெட்டின் முகத்தைப் பார்த்தாள். அது திரும்பவில்லை.

"அண்ணன்," என்றாள் அந்தப் பெண். "என் அண்ணன்."

"சரிம்மா. அண்ணனுக்கு நாம ரெண்டு பேரும் சேந்து மூச்சு வர வைக்கப் பாப்போம். நான் சொல்லச் சொல்லச் செய்வீங்களா?"

"செய்யறேன்."

அலறல் நின்றிருந்தது. அந்தப் பெண் அண்ணனைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள், நெஞ்சுக்கு நடுவில் கைகளை வைத்தாள், டிக்கெட் எண்ண எண்ண அவளும் எண்ணிக்கொண்டே அழுத்தினாள். கை ஓய்ந்துபோகும்போதெல்லாம், "விடாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று குரல் போனது. வண்டிக்காரர்கள் உள்ளே நுழைகிற சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அப்புறமும் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. "நீங்க போயிடாதீங்க" என்றாள். டிக்கெட் போகவில்லை. அக்காவாக இருந்தால் வண்டி வந்ததுமே அடுத்த லைனுக்குத் தாவியிருப்பாள்.

அதற்கு அப்புறம் ரேடியோவில் செய்தி வந்தது. வண்டியில் போனவர் சொல்ல வேண்டியதை எப்போதும் சொல்கிற தட்டையான குரலில் சொன்னார். பலன் இல்லை.

டிக்கெட்டின் கைகள் மெல்ல மடிக்குப் போய்க் கோத்துக்கொண்டன.

மேடைக்காரர் தன் இடத்திலிருந்து எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் மற்றவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒருவர் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொண்டுவந்து டிக்கெட்டின் மேசையில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனார்.

"அக்கா," என்றாள் டிக்கெட், திரையைப் பார்த்தபடியே. "நீங்க பேசியிருந்தா அவர் பொழச்சிருப்பாரா?"

இல்லை, நீங்கள் செய்தது எல்லாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். டிக்கெட்டுக்கு இன்று ராத்திரி கொஞ்சம் தூக்கம் வரும். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு பட்டன்தான், இவளுக்கு வர வேண்டிய வலியை இவள் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்வது.

"தெரியாது," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியாது. வண்டி கிளம்பினதுக்கு அப்பறம் நீங்க ஒரு இடத்துல நின்னீங்க. நான் அங்க நின்னிருக்க மாட்டேன், இன்னும் சீக்கிரமா ஆரம்பிச்சிருப்பேன். அடுத்த தடவ அங்க நிக்காதீங்க. ஆனா..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன வேணும்னு கேட்டீங்களே, அதுக்கு அப்பறம்தான் அந்தப் பொண்ணு அழுத்த ஆரம்பிச்சா. நான் அதட்டியிருந்தா செஞ்சிருப்பாளா, போனப் போட்டுட்டு ஓடியிருப்பாளா, அதுவும் எனக்குத் தெரியாது. ஓடினவங்களும் இருக்காங்க. நான் வெளிய சொன்னதில்ல."

டிக்கெட் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். அக்கா அவளைத் தொடவில்லை. கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை. வாழ்நாளில் அவள் செய்த கஷ்டமான காரியம் ஒருவேளை அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது அந்த மேசையில் மணி அடித்தது.

டிக்கெட்டின் கை மடியிலேயே இருந்தது. மணி மறுபடியும் அடித்தது. அவள் திரும்பினாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக, ஈரமான கண்களோடு அக்காவைப் பார்த்தாள்.

இப்போது அழுத்தலாம். மேடைக்காரர் சொன்ன விதிப்படியே அழுத்தலாம். ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. பாவம், நொந்து கிடக்கிறாள், இந்த ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம் என்று அக்காவின் உடம்பு முழுக்கச் சொன்னது. விரல் பட்டன் பக்கம் போனது. அந்த வெள்ளையாய்த் தேய்ந்த பட்டனைத் தாண்டிப் போனது. தன் ஹெட்செட்டின் வயர் மேசையில் சொருகியிருந்த இடத்தைத் தொட்டுப் பிடித்து இழுத்தது.

மணிச் சத்தம் அவள் காதில் நின்றுவிட்டது.

டிக்கெட் ஒரு கணம் அந்தத் தொங்கும் வயரைப் பார்த்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கை மடியிலிருந்து எழுந்தது.

"சொல்லுங்க," என்றாள், கரகரத்த குரலில். "எங்க இருக்கீங்க?"

அக்கா மேடையைப் பார்த்து, பிடுங்கிய வயரை உயர்த்திக் காட்டினாள். மேடைக்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, மெல்லத் தலையசைத்து உட்கார்ந்தார். தான் செய்தது சரியா, இன்னொரு உயிரை வைத்து விளையாடுகிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் பேசுவது ஆணா, பெண்ணா, அழுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து டிக்கெட்டின் குரல் மட்டும் கேட்டது, நின்று, யோசித்து, மறுபடி கிளம்பி. என்ன ஆயிற்று என்று அவள் சொல்லி முடிக்கட்டும் என்று அக்கா வெறும் காதோடு காத்திருந்தாள்.